புடவைகொடை முதல் படிவம் வரை: திருமணச் சான்றின் வரலாறு குறித்துத் திருவனந்தபுரத்திலிருந்து சில குறிப்புகள்

வெளிநாட்டில் குடியுரிமையோ நிரந்தர வாழுரிமையோ பெற்ற ஒருவர் தம் வாழ்க்கைத் துணையை அங்கு அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கும்போது, படிவம் அவரிடம் இரண்டு வெவ்வேறு வினாக்களை எழுப்புகிறது. இவ்விருவருக்கும் திருமணம் நடந்ததா என்பது முதல் வினா. அத்திருமணம் மெய்யானதா என்பது இரண்டாவது வினா. முதல் வினாவுக்குப் பதிவுச் சான்றிதழ் விடையாகிவிடும். இரண்டாவது வினாவுக்கு ஒற்றை ஆவணம் போதாது. கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், சேர்ந்து வாங்கிய சொத்து, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், உற்றார் அளிக்கும் உறுதிமொழிப் பத்திரம் எனப் பட்டியல் நீள்கிறது. அமெரிக்காவின் ஐ-130 விண்ணப்பமும், கனடாவின் ஐஎம்எம் 5532 வினாநிரலும் சொற்களில் வேறுபட்டாலும் இந்த இரட்டை வினாவில் ஒன்றுபடுகின்றன.

திருவனந்தபுரத்தில் வாழும் துணைக்கு இவ்வேலை உள்ளாட்சி அமைப்பின் திருமணப் பதிவாளரிடம் தொடங்குகிறது. பின்னர், செல்லவிருக்கும் நாட்டைப் பொறுத்து, மாநில அரசின் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், தூதரக முத்திரை என அந்தத் தாள் படிப்படியாக ஏறிச் செல்லும். தைக்காட்டில் உள்ள நோர்க்கா ரூட்ஸ் அலுவலகத்துக்குச் சான்றொப்பம் தேடி வருவோர் இந்தப் படிகளை நன்கு அறிவர்.

நிரப்புபவருக்கு இது ஓர் அலுவலக நடைமுறை. ஆயினும் அந்த இரண்டாவது வினாவுக்குள் திருமணம் பற்றிய ஒரு கருத்து முன்கூட்டியே அமைந்துள்ளது. கணவனும் மனைவியும் ஒரே கூரையின்கீழ் வாழ்வர். அவர்களது பணமும் சொத்தும் பொதுவாக இருக்கும். பிள்ளைகள் தந்தையின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். இவை எல்லாவற்றுக்கும் எழுத்துச் சான்று இருக்கும் என்பதே அக்கருத்து. ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன்பு இதே திருவனந்தபுரத்தில் மதிப்புடன் வாழ்ந்த பல குடும்பங்களின் மணவாழ்க்கை இந்த நான்கில் ஒன்றையும் நிறைவு செய்திருக்காது. அம்மணங்கள் பொய்யானவை என்று அன்றைய ஊரார் எவரும் கருதியதில்லை. அங்கிருந்து இன்றைய படிவம்வரை வந்த வழியைப் பின்தொடர்வதே இக்குறிப்புகளின் நோக்கம்.

1. ஒரே கூரை இல்லாத மணம்

மருமக்கள்தாய முறையில் பெண் பிறந்த வீட்டிலேயே, அதாவது தாய்வழித் தறவாட்டிலேயே வாழ்ந்தாள். கணவன் தன் தாயின் தறவாட்டைச் சேர்ந்தவனாகவே நீடித்தான். மனைவியின் வீட்டுக்கு வந்து சென்றான். பிள்ளைகள் தாயின் தறவாட்டுக்கு உரியவர்கள். சொத்து ஆணிடமிருந்து அவன் மகனுக்குச் செல்லாமல் சகோதரியின் மக்களுக்குச் சென்றது. ஊரறியப் புடவை கொடுத்துத் தொடங்கும் இவ்வுறவைச் ‘சம்பந்தம்’ என்றனர்.

அரண்மனையும் இதற்கு விலக்கன்று. திருவிதாங்கூர் அரசுரிமை அரசரின் உடன்பிறந்தாள் வழியே சென்றதால், அரசரின் மனைவி அரசியாகக் கருதப்படவில்லை. அவர் ‘அம்மச்சி’ எனப்பட்டார். அம்மச்சிமாரின் குடும்பங்களுக்குரிய அம்மவீடுகள் திருவனந்தபுரத்தில் இன்றும் அடையாளம் காணத்தக்கவை. அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு என்னும் அவற்றின் பெயர்கள், அக்குடும்பங்களின் வேர்கள் இன்றைய குமரி மாவட்டத்தில் இருந்ததைக் காட்டுகின்றன. ஆட்சியாளரின் மனைவியே கணவரின் குடும்பத்தில் உறுப்பினர் ஆகாத அமைப்பு அது.

ஆங்கிலேய நீதிமன்றங்கள் இவ்வுறவை எதிர்கொண்டபோது சிக்கல் எழுந்தது. சட்டத்தின் கண்ணில் சம்பந்தம் திருமணம் ஆகாது என்ற நிலைப்பாடு மலபாரில் வலுப்பெற்றது. அதை ஆராய 1891இல் அமைக்கப்பட்ட மலபார் திருமண ஆணையத்துக்கு நீதிபதி தி. முத்துசாமி ஐயர் தலைமை தாங்கினார். 1896ஆம் ஆண்டின் மலபார் திருமணச் சட்டம், சம்பந்தத்தை விரும்புவோர் பதிவு செய்துகொள்ள வழிவகுத்தது. பதிவு செய்தவர்களோ மிகச் சிலர். உள்ள மணத்தை மீண்டும் ஓர் அதிகாரியின் முன் மெய்ப்பிக்கும் தேவையைப் பெரும்பாலோர் உணரவில்லை. பதிவு செய்யாத உறவு இழிவானது என்ற பொருள் அச்சட்டத்துக்குள் ஒளிந்திருந்ததும் எதிர்ப்புக்கு ஒரு காரணம். திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த பிரவீணா கோடோத் போன்றோரின் ஆய்வுகள் இந்த விவாதத்தை விரிவாக எடுத்துரைத்துள்ளன.

திருவிதாங்கூர் வேறு வழியை மேற்கொண்டது. 1908இல் மருமக்கள்தாயக் குழு அமைக்கப்பட்டது. 1912இல் முதல் நாயர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. புடவை கொடுத்து ஊரறிய நடந்த சம்பந்தத்தை அது சட்டப்படியான திருமணமாக ஏற்றது. கணவர் சுயமாக ஈட்டிய சொத்தில் மனைவி மக்களுக்கு ஒரு பகுதியை அளித்தது. 1925ஆம் ஆண்டின் இரண்டாம் சட்டம் பலதார மணத்தைத் தடை செய்து, தறவாட்டுச் சொத்தைப் பிரித்துக்கொள்ளும் உரிமையையும் வழங்கியது.

இச்சட்டங்களில் உள்ள ஒரு நுட்பம் கருதத்தக்கது. திருமணம் செல்லுபடியாவதற்குப் பதிவு கட்டாயம் அன்று, புடவைகொடையே போதும். மணமுறிவுக்கோ, பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரமோ நீதிமன்ற ஆணையோ வேண்டும். ஆகவே திருவிதாங்கூர் நாயர் குடும்பங்களில் மணவாழ்க்கை தொடர்பாக அரசு முதலில் கட்டாயமாகக் கேட்ட தாள், திருமணத்துக்கானது அன்று, அதன் முறிவுக்கானது. சேர்ந்ததற்கு ஊர் சாட்சியாக நின்றது. பிரிந்ததற்கு மட்டுமே எழுத்து தேவைப்பட்டது.

தமிழ் வாசகர்களுக்கு இவ்வரலாற்றின் இன்னொரு பக்கம் நெருக்கமானது. நாஞ்சில் நாட்டு வேளாளரும் மருமக்கள்வழியைப் பின்பற்றியவர்களே. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’, ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவியின் குரலில் அம்முறையின் கொடுமைகளை எள்ளலுடன் எடுத்துரைத்தது. கணவன் இறந்தால் அவனது குடும்பச் சொத்து மருமக்களுக்குச் செல்ல, மனைவியும் மக்களும் தெருவில் நிற்கும் நிலையே அதன் மையம். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறியது. எனவே சட்டமும் ஆவணமும் வழக்காற்றை அழித்தன என்று மட்டும் எழுதுவது ஒருபக்கச் சார்பாகும். அந்த ஐந்தாம் மனைவிக்குச் சட்டத்தின் அங்கீகாரம் தேவையாகவே இருந்தது.

2. கடலுக்கு அப்பால் அதே வினா

திருவிதாங்கூரில் சம்பந்தம் திருமணமாக ஏற்கப்பட்டதற்கு மறு ஆண்டிலேயே, தென்னாப்பிரிக்காவில் இந்தியத் திருமணங்கள் திருமணம் அல்லாதவை ஆயின. இம்முறை வினா எழுந்த இடம் சொத்துரிமை அன்று, துறைமுகம்.

இந்தியாவிலிருந்து கணவரிடம் வந்த ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு இறங்கும் அனுமதி மறுக்கப்பட்ட வழக்கில், 1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி மால்கம் சேர்ல் தீர்ப்பளித்தார். பலதார மணத்தை அனுமதிக்கும் சமயச் சடங்குகளின்படி நடந்த திருமணத்தைக் குடியேற்றத்தின் பொருட்டு ஏற்க இயலாது என்பது அதன் சாரம். மனைவி ஒருத்தியே என்பதும் பயன்படவில்லை. மணம் நடந்த சமய முறையே அளவுகோல் ஆயிற்று. இத்தீர்ப்பின்படி அங்கிருந்த பெரும்பாலான இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள் ஆகியோரின் மனைவியர் சட்டப்படி மனைவியர் அல்லர்.

அதே ஆண்டில் காந்தி தொடங்கிய போராட்டத்தில் பெண்கள் நேரடியாக இறங்கியதற்குத் தீர்ப்பு ஏற்படுத்திய அவமதிப்பு முக்கியக் காரணம். கஸ்தூரிபா சிறை சென்றார். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பெண்கள் குழுவில் ஏறக்குறைய அனைவரும் தமிழர். நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, அங்கிருந்த ஒப்பந்தத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்குத் திரட்டியவர்கள் அவர்களே. பதினாறு வயதில் சிறைவாசம் ஏற்ற வள்ளியம்மை, விடுதலையான சில நாள்களில் நோயுற்று 1914 பிப்ரவரி 22 அன்று உயிரிழந்தார். தில்லையாடி வள்ளியம்மை என்று தமிழ்நாடு நினைவில் வைத்திருக்கும் பெயர் இது. அந்நினைவில் மூன்று பவுன் தலைவரி இடம்பெறும் அளவுக்குத் திருமணச் சான்று பற்றிய வினா இடம்பெறுவதில்லை.

1914ஆம் ஆண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம் தலைவரியை நீக்கியது. நடைமுறையில் ஒருதார மணமாக உள்ளவற்றைப் பதிவு செய்துகொள்ளவும் இடமளித்தது. குடியேற்றத்தின் பொருட்டு, ஒருவருக்கு ஒரு மனைவி என்ற வரம்புடன் ‘மனைவி’ என்ற சொல்லுக்கு வரையறையும் தந்தது. வெற்றிதான், ஆனால் வெற்றியின் வடிவம் பதிவேடாக இருந்தது.

அடுத்த படி 1918இல் லண்டனில் நடந்தது. பேரரசுப் போர் மாநாட்டில் இந்தியாவின் சார்பில் எஸ்.பி. சின்ஹா பங்கேற்றார். பிரித்தானிய ஆட்சிப்பகுதிகளில் ஏற்கெனவே நிலையாகக் குடியேறிய இந்தியர் தம் மனைவியையும் வயதுவராத பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம் என்று மாநாடு தீர்மானித்தது. அதற்கு இரு நிபந்தனைகள்: ஒருவருக்கு ஒரு மனைவி மட்டுமே; வருபவர் அவரது சட்டப்படியான மனைவி அல்லது பிள்ளை என்று இந்திய அரசு சான்றளிக்க வேண்டும். கோமகத்த மாரு கப்பலைத் திருப்பியனுப்பிய கனடா, அடுத்த ஆண்டில் இத்தீர்மானத்தின்படி மனைவி மக்களுக்கு வழிவிட்டது. துணையை அழைக்கும் உரிமை அழைப்பவரின் நிலையான குடியிருப்பைச் சார்ந்தது. உறவைப் பிறந்த நாட்டின் அரசு எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். இன்றைய விண்ணப்பத்தின் அடிப்படை அமைப்பு முழுவதும் இதில் அடங்கியுள்ளது. தைக்காட்டில் வரிசையில் நிற்கும் சான்றிதழின் முன்னோடிகளுள் ஒன்று 1918ஆம் ஆண்டின் இந்தத் தாள்.

3. மனைவி எங்கே வாழ்கிறாள்?

பேரரசு கலைந்த பின் இவ்வினா வேறொரு கோணத்தில் இலங்கையில் திரும்பி வந்தது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் மணமானவருக்கு 7 ஆண்டும் மணமாகாதவருக்கு 10 ஆண்டும் தொடர்ந்த குடியிருப்பு வேண்டும். மணமானவரின் மனைவியும் இலங்கையிலேயே தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இங்கு மனைவி அழைக்கப்படுபவள் அல்லள்; கணவன் இந்த மண்ணில் வேரூன்றிவிட்டான் என்பதற்கான சான்று அவளே. பேறுகாலத்துக்கோ முதியோரைப் பேணவோ அவள் தமிழ்நாட்டு ஊரில் தங்கிய காலம் விண்ணப்பத்தையே பாதிக்கக்கூடியதாயிற்று.

ஏறத்தாழ 2.37 லட்சம் விண்ணப்பங்கள் 8.25 லட்சம் மலையகத் தமிழரின் சார்பில் அளிக்கப்பட்டன. குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1.34 லட்சம் பேர். தோட்ட லயங்களில் நடந்த திருமணங்களுள் பதிவு செய்யப்படாதவை ஏராளம். கோயில் முன்றிலில் தோட்டத்து மக்கள் கூடி நடத்திய மணத்துக்கு எழுத்துச் சான்று கேட்கப்பட்டபோது, காகிதம் இல்லாமை குடியிருப்பு இல்லாமையாகப் படிக்கப்படும் நிலை உருவானது. மீந்தோரின் எதிர்காலத்தை 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எண்களாகப் பிரித்துக்கொண்டது.

4. மணம் உண்டு, மெய்யா?

இதுவரை கண்டவை அனைத்தும் முதல் வினாவைச் சார்ந்தவை. இரண்டாவது வினா கூர்மை பெற்றது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சிறப்பாகப் பிரிட்டனில். 1962ஆம் ஆண்டின் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் தொழிலாளர் வருகையைக் கட்டுப்படுத்தியபோதும் மனைவி மக்களை அனுமதித்தது. புதிய தொழிலாளருக்கான வாயில் ஒடுங்க ஒடுங்க, குடும்ப உறவே பெரும்பாலோருக்கு எஞ்சிய வழியாயிற்று. அதன்பின் அதிகாரிகளின் ஐயம் உறவின் பக்கம் திரும்பியது.

அந்த ஐயம் எவ்வளவு தாழ முடியும் என்பதை 1979 காட்டியது. மணம் செய்துகொள்ள வந்த 35 வயது இந்திய ஆசிரியை ஒருவரை ஹீத்ரோ விமான நிலையத்தில் கன்னித்தன்மைச் சோதனைக்கு உட்படுத்திய செய்தி நாளிதழில் வெளியானது, அச்சோதனை கைவிடப்பட்டது. இந்தியாவிலிருந்த பிரித்தானிய அலுவலகங்களிலும் குறைந்தது 80 பெண்கள் இவ்வாறு சோதிக்கப்பட்டது பின்னாளில் ஆவணங்கள்வழி வெளிப்பட்டது. ஆவணத்தை நம்பாத அரசு உடலையே ஆவணமாகக் கொண்டது. 1980களில் ‘முதன்மை நோக்கம்’ என்னும் விதி கடுமையாக்கப்பட்டது. மணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றம் அன்று என விண்ணப்பித்தவரே மெய்ப்பிக்க வேண்டும். இல்லாத ஒன்றை இல்லையென மெய்ப்பிக்கும் இச்சுமை 1997இல்தான் நீங்கியது.

இக்காலத்தின் முக்கிய வழக்கு, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1985 மே 28 அன்று தீர்ப்பளித்த அப்துல்அசீஸ், கபாலெஸ், பல்கண்டலி வழக்கு. பிரிட்டனில் சட்டப்படி குடியிருந்த மூன்று பெண்கள் தம் கணவர்களை அழைக்க முடியவில்லை. அதே நிலையில் ஆண்களுக்கு மனைவியரை அழைப்பது எளிதாக இருந்தது. இது பால் அடிப்படையிலான பாகுபாடு என நீதிமன்றம் கூறியது. மூவருள் ஒருவர் பிலிப்பீன்சிலிருந்து வந்த செவிலியர். அவரது மணம் பிலிப்பீன்சு சட்டப்படியே செல்லாது என்று பிரித்தானிய அரசு வாதிட்டது. இருவரும் சடங்கு செய்து, தாங்கள் மணமானவர்கள் என்று நம்பி, சேர்ந்து வாழ மெய்யாக விரும்பியதே குடும்ப வாழ்வுக்கான பாதுகாப்பைப் பெறப் போதுமானது என நீதிமன்றம் விடையளித்தது. முதல் வினாவில் தோற்ற ஒரு மணம் இரண்டாவது வினாவில் வென்ற அரிய தருணம் இது. தீர்ப்பை நிறைவேற்றப் பிரிட்டன் எடுத்த வழியோ வேறு: பெண்களுக்குச் சலுகையை உயர்த்தாமல், ஆண்கள் மனைவியரை அழைப்பதற்கான விதிகளையும் கடுமையாக்கிச் சமத்துவத்தை எட்டியது.

5. கையொப்பமிட்டவள் மனைவி

செவிலியர் என்றதும் கேரளம் நினைவுக்கு வருவது இயல்பு. 1965ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஆசிய நாடுகளின் மீதான பழைய தடைகளை அகற்றித் திறனுக்கும் குடும்ப உறவுக்கும் முன்னுரிமை அளித்தது. அமெரிக்க மருத்துவமனைகளின் செவிலியர் பற்றாக்குறை மலையாளப் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. பெண் முதலில் செல்ல, கணவர் பின்தொடர்ந்தார். ஷீபா மரியம் ஜார்ஜ் 2005இல் வெளியிட்ட ஆய்வு நூல், இந்த மாற்றத்தால் வீட்டிலும் தேவாலயத்திலும் ஆண் பெண் உறவு எவ்வாறு குலைந்து மீண்டும் அடுக்கப்பட்டது என்பதை விரிவாகப் பதிவு செய்துள்ளது.

இங்குத் திருவிதாங்கூர்ச் சட்ட வரலாற்றின் இரண்டு கூறுகள் வந்து இணைகின்றன. இச்செவிலியருள் பெரும்பகுதியினர் மத்திய திருவிதாங்கூரின் கிறித்தவர். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம், முன்னாள் திருவிதாங்கூர் – கொச்சி மாநிலப் பகுதிகளுக்குப் பொருந்தாது. ஆதலால் நாட்டின் பிற பகுதிகளைப் போல அச்சட்டத்தின்கீழ் அமைந்த பதிவு முறை இங்கு இல்லை. தேவாலயப் பதிவேடே ஆதாரமாக விளங்கியது. பங்குத்தந்தை வைத்திருந்த அந்த ஏடு, சமூகத்தின் நினைவாகவும் அரசின் பதிவேட்டுக்கு ஈடாகவும் இரட்டைப் பணி செய்தது.

இரண்டாவது கூறு சொத்துரிமை. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்க் கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டம், தந்தை உயிலின்றி இறந்தால் மகளின் பங்கை மகனின் பங்கில் கால்பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது என்று வரம்பிட்டது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புவரை இந்நிலை நடைமுறையில் தொடர்ந்தது. பிறந்த வீட்டின் நிலத்தில் சமபங்கு இல்லாத மகளே, அமெரிக்காவில் தன் ஊதியத்தைச் சான்றாகக் காட்டித் தன் கணவனின் வாழ்வுக்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டாள். சொந்த ஊரின் சட்டம் அவளை ஒரு குடும்பத்தின் பொருளியல் தலைவியாகக் கருதுவதற்கு முன்பே, அந்நிய நாட்டின் படிவம் அவ்வாறு கருதியது.

படிவம் அவளுக்கு அளித்த அதே அதிகாரம், துணையாகச் செல்பவரைச் சார்பு நிலையில் வைத்தது. மேரி ராய் தீர்ப்பு வந்த அதே 1986இல் அமெரிக்கா திருமண மோசடித் தடுப்புத் திருத்தங்களை இயற்றியது. மணமாகி இரண்டு ஆண்டுகள் நிறையாத துணைக்கு நிபந்தனையுடன்கூடிய வாழுரிமையே கிட்டும். பின்னர் இருவரும் இணைந்து மீண்டும் விண்ணப்பித்து நிபந்தனையை நீக்க வேண்டும். வன்முறைக்குள்ளான துணைகூட விலகத் தயங்கும் நிலையை இது உருவாக்கியதால், 1990இலும் 1994இலும் விதிவிலக்குகள் சேர்க்கப்பட்டன. கனடா 2012இல் இத்தகைய இரண்டாண்டு நிபந்தனையைக் கொண்டுவந்து, 2017இல் கைவிட்டது. 1996ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் பொறுப்பேற்புப் பத்திரத்தை நீதிமன்றத்தில் வலியுறுத்தத்தக்க ஒப்பந்தமாக மாற்றியது. பெரும்பாலோருக்குப் பொருந்தும் அளவு, வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 விழுக்காடு. மணமுறிவு ஏற்பட்டாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. மணத்தைக் காட்டிலும் அதன் படிவம் நெடுநாள் வாழ்கிறது.

வளைகுடாவுக்குச் சென்ற மிகப் பெரும் எண்ணிக்கையினருக்கு இந்த வினாவே நெடுங்காலம் எழவில்லை. வளர்ச்சி ஆய்வு மையத்தின் 1998 கேரளப் புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் வாழ்ந்த கேரளத்தவரைச் சுமார் 13.6 லட்சம் என மதிப்பிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வளைகுடாவில் இருந்தனர். மனைவியை அழைக்க ஊதிய வரம்பும் சான்றொப்பமிட்ட திருமணச் சான்றும் வேண்டும். அழைத்தாலும் அது வேலை உள்ளவரைதான். வரம்பை எட்டாதவர்களின் மனைவியர் ஊரிலேயே தங்கினர். கணவன் வந்து செல்லும் மணவாழ்க்கை இவ்வாறு கேரளத்தில் மீண்டும் பரவலாயிற்று. ஆனால் இம்முறை மனைவிக்குத் தன் தறவாடு அளித்த பாதுகாப்பு இல்லை. 1975இல் இயற்றப்பட்ட கேரளக் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம், எஞ்சியிருந்த தறவாட்டின் சட்ட வடிவத்தை முடித்துவைத்திருந்தது.

6. பதிவேடு எல்லோருக்கும் வந்தபோது

2006 பிப்ரவரி 14 அன்று சீமா எதிர் அசுவனி குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாத் திருமணங்களையும் கட்டாயமாகப் பதிவு செய்ய விதிகள் வகுக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. கேரளம் 2008இல் சமய வேறுபாடின்றி அனைவருக்கும் பொதுவான திருமணப் பதிவு விதிகளை வெளியிட்டது. குழந்தை மணத் தடுப்பும் கைவிடப்பட்ட பெண்களின் பாதுகாப்புமே நீதிமன்றம் முன்வைத்த காரணங்கள். ஆயினும் புலம்பெயர்வு மிகுந்த மாநிலத்தில் பதிவை நோக்கி மக்களை ஈர்த்த விசைகளுள் விசாவும் ஒன்று எனக் கொள்வது பொருந்தும். 2021இல், வெளிநாட்டில் உள்ளவர் காணொலி வாயிலாகத் தோன்றிச் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணம் செய்துகொள்ளக் கேரள உயர் நீதிமன்றம் இடமளித்தது. 2024 முதல் நகர்ப்புற உள்ளாட்சிகளில் கே-ஸ்மார்ட் வாயிலாக, அலுவலகம் செல்லாமலே பதிவு செய்ய முடிகிறது. 1896இல் மலபார் மக்கள் மறுத்த பதிவேட்டை அவர்களின் வழித்தோன்றல்கள் கைப்பேசியில் நிரப்புகின்றனர்.

இந்த ஐயத்தை மேலை நாடுகளின் பண்பு என்று மட்டும் சுருக்குவதும் தவறு. 2015இல் திருத்தப்பட்ட இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின்படி, இந்தியரை மணந்த வெளிநாட்டவர் கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டை பெற, மணம் பதிவு செய்யப்பட்டதாகவும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நீடித்ததாகவும் இருக்க வேண்டும். அமெரிக்கா 1986இல் தேர்ந்த அதே இரண்டு ஆண்டுகள். திருவனந்தபுரத்தில் குடியேறும் வெளிநாட்டு மருமகளோ மருமகனோ, இந்திய அதிகாரியின் முன் அதே இரட்டை வினாவுக்கு விடை கூறுகின்றனர்.

இவ்வரலாற்றில் ஆவணத்துக்கு ஒரே முகம் இல்லை. நாஞ்சில் நாட்டு மனைவிக்கும் நியூகாசில் சுரங்க வாயிலில் நின்ற தமிழ்ப் பெண்ணுக்கும் அது போராடிப் பெறவேண்டிய உரிமை. லயத்து அறையில் வாழ்ந்தவளுக்கு அது இல்லாமையே குற்றம். செவிலியருக்கு அது முதன்முறையாகக் கிடைத்த அதிகாரம். அவருடைய கணவருக்கு அது சார்பு நிலை. திருமணம் நடந்ததா என்ற வினாவுக்கு வழக்காறு, சமயம், சட்டம் என எந்த அடிப்படையிலும் விடை காணலாம். மெய்யானதா என்ற வினாவோ, மணவாழ்க்கை எவ்வாறு இருக்கவேண்டும் என்ற ஒரு காலத்தின் கருத்தை எல்லாக் காலத்துக்கும் உரிய அளவுகோலாக மாற்றுகிறது.

கனடா 2002 முதல் சடங்கோ பதிவோ இல்லாத இணையரையும் ஏற்கிறது. ஆயினும் அவர்கள் குறைந்தது ஓராண்டு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. இத்தனை தளர்வுக்குப் பின்னும், தன் தறவாட்டில் வாழ்ந்து, கணவர் வந்து செல்ல, தன் பெயரிலேயே சொத்தும் பிள்ளைகளும் கொண்டிருந்த 1900ஆம் ஆண்டுத் திருவனந்தபுரத்துப் பெண்ணால் அந்தப் பொது விதியை நிறைவு செய்ய இயலாது. கூட்டுக் கணக்கு எண் கேட்கும் கட்டத்தில் அவளுக்கு எழுத ஒன்றும் இருக்காது. அவளுடைய கொள்ளுப்பேத்தி இன்று அக்கட்டத்தைத் தயக்கமின்றி நிரப்புகிறாள். இவ்விருவருக்கும் இடையே மாறியது என்ன, அம்மாற்றத்தில் யார் எதைப் பெற்றனர், எதை இழந்தனர் என்பது குடும்ப வரலாற்றையும் புலம்பெயர்வு வரலாற்றையும் சேர்த்துப் படித்தால்தான் விளங்கும். இரண்டும் இன்றும் பெரும்பாலும் வெவ்வேறு துறைகளில் தனித்தனியே கற்பிக்கப்படுகின்றன.